ஒன்ராறியோவில் நாலு சில்லு வண்டியோடு மான் வேட்டைக்குப் போகுமுன்: சட்டமும் மரியாதையும், படிப்படியாக

ஸ்காபரோவில் இருந்துகொண்டு முதல் தடவை மான் வேட்டைக்குப் போக ஆசைப்பட்டபோது என்னிடம் எல்லாம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். துவக்கு லைசென்ஸ் இருந்தது, வேட்டை அட்டை இருந்தது, காட்டுப் பாதையில் ஓடும் பழைய நாலு சில்லு வண்டி, அதாவது ஏரீவி, ஒன்றும் கராஜில் நின்றது. முதல் நாள் மாலையே காட்டுப் பாதையில் ஒரு வனவிலங்குப் பாதுகாப்பு அதிகாரி மறித்தார். துவக்கின் தோட்டா அறை காலியாக இருந்தது. ஆனால் மகசினில் (தோட்டாக்களை அடைக்கும் பெட்டியில்) மூன்று தோட்டாக்கள், மகசின் துவக்கில் மாட்டியபடி. அவ்வளவுதான், சட்டப்படி அது வண்டியில் ஏற்றிய நிரப்பிய துவக்கு. தண்டச் சீட்டோடு அந்தப் பருவம் எனக்கு முடிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் விதிகளைத் தேடித் தேடிப் படித்தேன், கூடப் போன அனுபவசாலிகளிடம் கேட்டேன், பிழைகளும் விட்டேன். விதிகள் ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் பெரிய சிக்கல். வேட்டைக்கு ஒரு சட்டம், வண்டிக்கு இன்னொன்று, துவக்குக்கு மத்திய அரசின் சட்டம், காணிக்கு வேறொன்று. நான்கும் ஒரே வண்டியின் இருக்கையில் வந்து சந்திக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இது ஒன்ராறியோவுக்கு மட்டும் பொருந்தும். கியூபெக்குக்கோ மனிற்றோபாவுக்கோ போகிறவர்கள் அங்குள்ள விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். கட்டணங்களும் திகதிகளும் ஆண்டுக்காண்டு மாறும். மாகாண அரசு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் வேட்டை விதிச் சுருக்கத்தை இறக்கி, தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் சிக்னல் இருக்காது.

1. ஒரு விதியை முதலில் மனதில் பதியுங்கள்

வண்டி இரண்டு வேலைக்குத்தான்: நீங்கள் காட்டுக்குள் போய்ச் சேர, வெட்டிய இறைச்சியை வெளியே கொண்டு வர. இடையில் நடக்கும் வேட்டைக்கும் வண்டிக்கும் தொடர்பு இருக்கக் கூடாது.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை, பெரும் பகுதி சட்டமும் இதுவே. 1997ஆம் ஆண்டின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மூன்று விடயங்களைத் தெளிவாகத் தடுக்கிறது. வண்டியிலோ வண்டியின் மேலோ நிரப்பிய துவக்கு இருக்கக் கூடாது. வண்டியிலிருந்து சுடக் கூடாது. விலங்கைக் கொல்ல, காயப்படுத்த, பிடிக்க, துரத்த, தொந்தரவு செய்ய வண்டியைப் பயன்படுத்தக் கூடாது. இங்கே 'வண்டி' என்பது ஏரீவி, பக்கத்தில் பக்கமாக இருவர் அமரும் வண்டி, பனியில் ஓடும் ஸ்னோமொபீல், பிக்கப் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். மிதித்து ஓட்டும் சைக்கிள்கூட அதற்குள் வரும்.

நடக்க முடியாத நிலையில் இருக்கிறவர்களுக்கு விலக்கு உண்டு. மாகாண இயற்கைவள அமைச்சிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து எழுத்தில் அனுமதி பெற்றால், நிறுத்திய வண்டியிலிருந்து சுடலாம். மருத்துவ ஆவணம் கேட்பார்கள். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் வேட்டைக்கு அழைத்துப் போகவே முடியாது என்று நினைக்க வேண்டாம், பல மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள்.

2. ஜனவரியிலேயே தொடங்குங்கள்: துவக்கும் வேட்டை அட்டையும்

நவம்பரில் மான் வேட்டைக்குப் போக நினைத்து ஓகஸ்டில் வகுப்புத் தேடுகிறவர்கள்தான் அதிகம். அந்த நேரம் வகுப்புகள் நிரம்பிவிடும்.

முதலாவது, வேட்டைக் கல்வி வகுப்பு. இரண்டாவது, கனடிய துவக்குப் பாதுகாப்பு வகுப்பு. பல பயிற்சியாளர்கள் இரண்டையும் சேர்த்து ஒரே வார இறுதியில் நடத்துகிறார்கள். நான் கொடுத்தது முந்நூறு டொலருக்கு மேல், இடத்துக்கு இடம் வேறுபடும். துவக்கு வகுப்பில் எழுத்துப் பரீட்சையும் செய்முறையும் உண்டு, இரண்டிலும் எண்பது சதவீதம் எடுக்க வேண்டும். செய்முறையில் பலர் விழுவது துவக்கின் வாயைக் கவனிக்காமல் திரும்பும்போதுதான். ஆறுதலாகச் செய்யுங்கள், அவசரத்துக்கு மதிப்பெண் இல்லை.

தேறிய பிறகு மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி.யிடம் துவக்கு லைசென்ஸுக்கு விண்ணப்பம். இதற்கு வேண்டியவை: பரீட்சை அறிக்கை, படம், உங்களைத் தெரிந்த இருவரின் உறுதிமொழி, வாழ்க்கைத் துணையின் கையொப்பம். கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பிரிந்த துணை இருந்தால் அவரைப் பற்றியும் கேட்பார்கள். கையொப்பம் இல்லை என்றால் அலுவலகமே அவருக்கு அறிவிக்கும், அதற்கும் நாள் போகும். முதல் தடவை விண்ணப்பிக்கிறவர்களுக்கு 28 நாள் காத்திருப்புக் கட்டாயம். அதற்கு மேல் பரிசீலனை நேரம். மூன்று மாதம் என்று கணக்குப் போடுங்கள். லைசென்ஸ் ஐந்து ஆண்டு செல்லும்.

வேட்டைக்கு 'அவுட்டோர்ஸ் கார்ட்' என்ற அட்டை வேண்டும், மூன்று ஆண்டு செல்லும். அதற்கு மேல் மானுக்கு என்று தனி லைசென்ஸ். லைசென்ஸோடு 'டாக்' என்று சொல்லும் சீட்டு வரும். அது கொம்புள்ள மானுக்கு. கொம்பில்லாத மானைச் சுட வேண்டும் என்றால் குலுக்கலில் தனிச் சீட்டு எடுக்க வேண்டும், அதற்கான விண்ணப்பம் கோடையிலேயே முடிந்துவிடும். மூஸ் என்ற பெரிய மான் வகைக்கு இன்னும் முந்தி, ஏப்ரல் மாதம்தான் விண்ணப்பக் காலம்.

புதிதாக நாட்டுக்கு வந்தவர்கள் கவனியுங்கள். ஒன்ராறியோவாசிக்கான லைசென்ஸ் வாங்க, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் தொடர்ந்து ஆறு மாதமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். ஊரிலிருந்து விருந்துக்கு வந்த மச்சானை உங்கள் சீட்டில் சுட விடுவது குற்றம்.

3. வண்டிக்கான ஆவணங்கள்

நான் வண்டி வாங்கியது தனி ஆளிடம். "காட்டில்தானே ஓடப் போகிறீர்கள், பதிவு ஒன்றும் தேவையில்லை" என்றார். நானும் நம்பினேன். அது பிழை. சொந்தக் காணிக்கு வெளியே எங்கே ஓட்டினாலும், அது அரச காட்டுப் பாதையாக இருந்தாலும், வண்டிக்குப் பதிவு, இலக்கத் தகடு, காப்புறுதி மூன்றும் வேண்டும். தலைக்கவசமும் அப்படித்தான்.

பதிவு, மாகாண அரசின் சேவை அலுவலகமான சேர்விஸ் ஒன்ராறியோவில். நான் பதிந்தபோது 37 டொலர், ஒரு தடவை மட்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கத் தேவையில்லை. தகடு வண்டியின் முன்பக்கம் வர வேண்டும், கார் மாதிரிப் பின்னால் இல்லை. தனி ஆளிடம் வாங்கினால் பதிவு மாற்றும்போது 13 சதவீத விற்பனை வரி கட்ட வேண்டியிருக்கும், அதைப் பேரம் பேசும்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐயாயிரம் டொலர் வண்டிக்கு இன்னும் 650 டொலர்.

பழைய வண்டி வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்:

விற்பவரின் பெயரில் பதிவுப் பத்திரம் இருக்கிறதா, அதில் உள்ள வண்டி எண்ணும் சட்டகத்தில் அடித்த எண்ணும் ஒன்றா? அந்த எண்ணை வைத்து வண்டி மேல் கடன் ஏதும் உண்டா என்று தேடிப் பார்க்கலாம், சில டொலர்தான் செலவு. எண்ணைச் சுரண்டியிருந்தால் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள்.

காப்புறுதியை, உங்கள் காருக்கு எடுத்திருக்கும் அதே இடத்தில் கேட்டால் பெரும்பாலும் மலிவு. எனக்கு ஆண்டுக்குச் சில நூறு டொலர் வருகிறது. கார் காப்புறுதி ஏரீவியையும் காக்கும் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம், தனியாக எழுத வேண்டும். காப்புறுதிச் சீட்டைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு வண்டியிலேயே வையுங்கள்.

காட்டில் ஓட்டச் சாரதி லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் வீதியோரம் ஓட்டினால் ஜி2 (கார்) அல்லது எம்2 (மோட்டார் சைக்கிள்) நிலைச் சாரதி லைசென்ஸாவது வேண்டும். 50 அல்லது அதற்குக் குறைந்த வேக எல்லை உள்ள வீதியில் 20 கிலோமீற்றருக்கு மேல் போக முடியாது. அதற்கு மேற்பட்ட வேக எல்லை உள்ள வீதியில் 50. 400 தொடர் நெடுஞ்சாலைகளில் அறவே கூடாது. நகராட்சி வீதிகள் ஊருக்கு ஊர் வேறு, சில ஊர்கள் முழுவதும் தடுத்திருக்கின்றன. போகும் ஊரின் சபைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, ஐந்து நிமிடம்.

4. எந்தக் காணி என்று தெரியாமல் சில்லை வைக்காதீர்கள்

ஒன்ராறியோவின் நிலத்தில் ஏறத்தாழ 87 சதவீதம் அரச காணி. அதைக் கேட்டதும் எங்கும் போகலாம் என்று தோன்றும். ஆனால் பெரும் பகுதி வடக்கே. ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேரத்தில் போகக்கூடிய பான்க்ரொஃப்ட், ஹலிபேர்ட்டன் பக்கம் அரச காணியும் தனியார் காணியும் துண்டு துண்டாகக் கலந்து கிடக்கின்றன. அரசின் அரச காணிப் பயன்பாட்டு வரைபடம் இணையத்தில் இலவசம். அதைத் திறந்து நீங்கள் போகப் போகும் இடத்தைப் பெருப்பித்துப் பாருங்கள்.

அரச காணியிலும் வகைகள் உண்டு. சில காட்டுப் பாதைகளின் முகப்பில் மோட்டார் வண்டி தடை என்ற பலகை நிற்கும். தூரத்து ஏரிகளில் விடுதி நடத்துகிறவர்களுக்காகவோ மூஸைக் காக்கவோ போட்டிருப்பார்கள். பலகையைச் சுற்றி ஒரு பாதை தேய்ந்திருந்தால் பலர் மீறியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம், அனுமதி இருக்கிறது என்று இல்லை. பாதுகாப்பு ஒதுக்கிடங்களில் வண்டி ஏற்கெனவே உள்ள பாதையில் மட்டும்தான். பல ஒதுக்கிடங்களில் சுட்ட விலங்கை எடுக்க மட்டும் பாதையை விட்டு இறங்க இடம் கொடுக்கிறார்கள். அந்தந்த இடத்தின் கொள்கை அறிக்கையைப் பார்த்துவிட்டுப் போங்கள். மாகாணப் பூங்காக்களில் அனுமதி இருக்கிறது என்று எழுத்தில் காணாதவரை வேட்டையும் வண்டியும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் காணியில் மரத்திலோ தூணிலோ சிவப்பு வட்டம் இருந்தால் உள்ளே போகவே கூடாது. மஞ்சள் என்றால் சில வேலைகளுக்கு மட்டும் அனுமதி, அது எது என்று உரிமையாளரைக் கேட்க வேண்டும். அடையாளம் இல்லை என்றாலும் வேலி போட்ட காணி, உழுத வயல் எல்லாம் தடைதான். அத்துமீறலுக்கு உச்சத் தண்டம் பத்தாயிரம் டொலர்.

இதில் எங்கள் ஆட்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று இருக்கிறது. பனிக்காலத்தில் ஸ்னோமொபீல் ஓடும் அழகான பாதை, பாலம் எல்லாம் போட்டு, காட்டுக்குள் நீளமாகப் போகும். ஒக்டோபரில் அதைப் பார்த்தால் பொதுப் பாதை மாதிரி இருக்கும். அதில் பெரும் பகுதி விவசாயிகளின் காணி. அவர்கள் பனி விழுந்த பிறகு ஸ்னோமொபீல் கழகத்துக்கு மட்டும் கொடுத்த அனுமதி அது. அதில் ஏரீவி ஓட்டி ஈர மண்ணைக் கிழித்தால் அந்த விவசாயி அடுத்த ஆண்டு பாதையை எல்லோருக்குமே மூடிவிடுவார். அப்படி மூடிய கேட் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

காணி உரிமையாளரிடம் அனுமதி கேட்க செப்டெம்பரில் போங்கள், வேட்டைக்கு முதல் நாள் இரவு இல்லை. வண்டியை வீதியில் விட்டுவிட்டு நடந்து போய்க் கதவைத் தட்டுங்கள். எந்தப் பாதையில் வண்டி வரலாம், எதில் கூடாது, எந்தக் கேட்டைச் சாத்த வேண்டும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி அவரின் கையொப்பத்தை வாங்குங்கள். வேட்டைக்கு அனுமதி தந்தவர் வண்டிக்கும் தந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

நீங்கள் நிற்கும் காடு முதற்குடிகளின் பாரம்பரிய நிலம். அவர்களுக்கு ஒப்பந்த உரிமைகள் உண்டு, உங்கள் பருவமும் உங்கள் சீட்டும் அவர்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். பருவத்துக்கு வெளியே ஒருவர் மூஸ் ஏற்றிப் போவதைக் கண்டு தகராறு செய்யப் போகாதீர்கள்.

5. வண்டியில் துவக்கு: இங்கேதான் எல்லோரும் மாட்டுகிறார்கள்

'நிரப்பிய துவக்கு' என்றால் என்ன என்று மனப்பாடம் செய்யுங்கள். தோட்டா அறையில் சுடாத தோட்டா இருந்தால் நிரப்பியது. அறை காலியாக இருந்து, துவக்கில் மாட்டிய மகசினில் தோட்டா இருந்தாலும் நிரப்பியதுதான். உறைக்குள் போட்டு ஜிப் இழுத்தாலும் அது மாறாது. ஆகவே மகசினைக் கழற்றிச் சட்டைப் பையில் வையுங்கள். கழற்ற முடியாத மகசின் என்றால் ஒவ்வொரு தோட்டாவாக எடுத்துவிடுங்கள்.

வில்லும் இந்தச் சட்டத்துக்குத் துவக்குத்தான். குறுக்குவில்லை இழுத்துப் பூட்டி அம்பும் வைத்திருந்தால் அது நிரப்பியது. சாதாரண வில்லில் அம்பை நாணில் கோத்திருந்தால் நிரப்பியது.

எஞ்சினை நிறுத்திவிட்டேன், சாவியையும் எடுத்துவிட்டேன், இருக்கையில் உட்கார்ந்து நிரப்பினால் என்ன என்று ஒரு தம்பி கேட்டான். கூடாது. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று சட்டம் பார்ப்பதில்லை. நிரப்பிய துவக்கை வண்டியின் கம்பித் தட்டில் ஒரு நிமிடம் சாய்த்து வைத்துவிட்டுக் கையுறை போட்டாலும் அது 'வண்டியின் மேல்' இருக்கும் துவக்கு. நான் இப்போது செய்வது இதுதான்: இறங்கி, உறையோடு துவக்கைத் தோளில் மாட்டி, இருபது அடி நடந்த பிறகே நிரப்புவது. திரும்பி வரும்போது அதே இருபது அடிக்கு முன்பே காலி செய்வது. பழகிவிட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை.

நேரமும் முக்கியம். சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகும், உதயத்துக்கு அரை மணிக்கு முன்பும், காட்டுப் பகுதியில் துவக்குக் காலியாகவும் உறைக்குள்ளும் இருக்க வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் மணிக்கூட்டைப் பின்னே தள்ளிய பிறகு மாலை ஐந்து மணி வாக்கில் சூரியன் போய்விடும். அந்த வாரம் பலர் நேரத்தைப் பிழையாகக் கணக்கிடுகிறார்கள். அன்றைய உதயமும் மறைவும் எத்தனை மணி என்று தாளில் எழுதித் தொப்பிக்குள் வைப்பேன்.

வண்டியைத் தனியே விட்டுப் போனால் துவக்கை அதில் விடாதீர்கள். மத்திய விதிப்படி ஆள் இல்லாத வாகனத்தில் துவக்குப் பூட்டிய பெட்டியில், அல்லது பூட்டிய வாகனத்துக்குள் வெளியே தெரியாமல் இருக்க வேண்டும். ஏரீவியில் பூட்டக் கதவு இல்லை. ஆளில்லாத் தூரக் காட்டில் மட்டும், காலியாக, கண்ணில் படாமல், விசைப் பூட்டுப் போட்டு விடலாம். மீன்பிடிக்க ஏரிக்கு இறங்கினால்கூட நான் தோளில் தூக்கிப் போகிறேன்.

வீதி பற்றியும் ஒன்று. தெற்கே பல மாவட்டங்களில் பொதுவீதியின் ஒதுக்கப் பரப்புக்குள், அதாவது வேலி முதல் வேலி வரை, நிரப்பிய துவக்கே கூடாது. வடக்கே வாகனம் ஓடும் பகுதிக்குக் குறுக்கே சுடுவது எங்கும் கூடாது. வண்டியிலிருந்து இறங்கிவிட்டோம் என்பதற்காக வீதியில் எங்கும் நின்று சுடலாம் என்று இல்லை. ஞாயிற்றுக்கிழமையையும் பாருங்கள்: பிரெஞ்ச், மட்டாவா ஆறுகளுக்கு வடக்கே துவக்கு வேட்டை உண்டு, தெற்கே அனுமதித்த ஊர்களில் மட்டும்.

மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் உச்சத் தண்டம் 25,000 டொலர், ஓர் ஆண்டு வரை சிறையும் சேரலாம். துவக்கையும் வண்டியையும் கைப்பற்ற அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

6. சட்டம் விட்ட இடத்தை மரியாதை நிரப்ப வேண்டும்

எனக்கு வேட்டை சொல்லித் தந்தவர் எழுபது வயதுத் தமிழர், சட்பெரிப் பக்கம் முப்பது ஆண்டு வேலை செய்தவர். அவர் ஒரு காலை கண்ணீர் வராத குறையாகச் சொன்னார்: "தம்பி, நாலு மணிக்கு எழும்பி, குளிரில் மரத்தில் ஏறி உட்கார்ந்து, விடிகிற நேரம் மான் வருது. நூறு யார் தூரம். அந்த நேரம் ஒருவன் நாலு சில்லில் வந்து கீழே நின்று 'ஏதாவது கண்டீங்களா' என்று கேட்கிறான்." வந்தவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. ஆனால் ஒருவரின் ஓராண்டுக் காத்திருப்பை இருபது விநாடியில் அழித்துவிட்டார்.

அதனால் நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. வெளிச்சம் வர ஒரு மணி நேரத்துக்கு முன்பே வண்டியை நிறுத்திவிடுவேன். வேறு வண்டி நிற்கும் பாதையில் நுழைய மாட்டேன், அடுத்த பாதைக்குப் போவேன். கடைசி ஒரு கிலோமீற்றர் நடை. காலை பத்து மணி வரை எஞ்சினைத் தொடுவதில்லை, மாலை மூன்றுக்குப் பிறகும் அப்படியே. அதற்கிடையில் மட்டும்தான் இடம் மாறுவது.

காட்டுப் பாதையில் மெதுவாக வண்டியை உருட்டிக்கொண்டே காட்டுக்கோழி தேடுவது இங்கே பலருக்குப் பழக்கம். கண்டதும் நிறுத்தி, இறங்கி, விலகிப் போய் நிரப்பிச் சுட்டால், வீதி விதியும் ஒத்து வந்தால், சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. நாள் முழுக்க நடந்து ஒரு கோழியோடு வருகிறவரோடு ஒரே மேசையில் உட்கார எனக்கு அது போதாது. நீங்கள் உங்கள் மனச்சாட்சியைக் கேட்டு முடிவெடுங்கள்.

ஒருவர் மேட்டுப் பக்கமாக வண்டியை ஓட்டி மானைக் கிளப்ப, மற்றவர்கள் கீழே காத்திருப்பது வேறு கதை. அது துரத்தல், நேரடிக் குற்றம். காயம்பட்ட மானை வண்டியில் பின்தொடர்வதும் அதே. "அது வலியில் துடிக்கிறதே, சீக்கிரம் முடிக்க வேண்டாமா" என்று சொல்வார்கள். நியாயமாகக் கேட்கும், ஆனால் எஞ்சின் சத்தம் கேட்டால் படுத்திருக்கும் மான் எழுந்து இன்னும் இரண்டு மைல் ஓடும். அரை மணி நேரம் காத்திருந்து, இரத்தத் தடம் பார்த்து நடப்பதுதான் மானுக்கும் நல்லது.

சதுப்பு நிலத்தில் இறங்கவே இறங்காதீர்கள். ஒரு தடவை ஓடிய சில்லுத் தடத்தில் தண்ணீர் தேங்கி, அடுத்தவர் அதைச் சுற்றி ஓட்ட, சில ஆண்டுகளில் ஒற்றைப் பாதை வீதியளவு அகலமாகிவிடும்.

குழுவாக வேட்டையாடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒருவரின் சீட்டில் இன்னொருவர் மான் சுட, குழுவில் உள்ள எல்லோரும் சீட்டு வைத்திருப்பவரிடமிருந்து ஐந்து கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும், உடனடியாகத் தொடர்புகொள்ளவும் முடிய வேண்டும். நடந்து போனால் இதை மீறுவது கடினம். வண்டியில் பத்து நிமிடத்தில் மீறிவிடுவீர்கள்.

7. மான் விழுந்த பிறகு

முதலில் சீட்டு. மானை அசைக்குமுன், விழுந்த இடத்திலேயே திகதியையும் நேரத்தையும் சீட்டில் வெட்டிக் குறியுங்கள். வண்டி எடுக்கப் போய்விட்டு வந்து குறிக்கலாம் என்று விடுவது பெரிய பொறி. வண்டியில் ஏற்றிய மானும் வெட்டாத சீட்டும் ஒன்றாக இருந்தால் அதிகாரியிடம் என்ன சொல்லியும் பயனில்லை.

துவக்கைக் காலி செய்து உறையில் போட்டு, நடந்து போய் வண்டியை எடுங்கள். பாதை எட்டும் இடம் வரை வண்டி, மீதித் தூரத்துக்கு மானைப் பிளாஸ்ரிக் சறுக்குப் பலகையில் வைத்து இழுங்கள். அறுபது, எழுபது டொலருக்குக் கிடைக்கும். அது இருந்தால் முதல் ஆண்டு ஏரீவியே இல்லாமல் சமாளிக்கலாம், வாடகைக்கும் கடனுக்கும் அலைய வேண்டியதில்லை.

தட்டில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று வண்டிக் கையேட்டில் இருக்கும். பெரிய கிடாய் மானைப் பின் தட்டில் கட்டி மேட்டில் ஏறினால் முன் சில்லு தூக்கும். வண்டி பின்னால் கவிழ்ந்து ஆளை நசுக்கும் விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன. பாரம் கூடினால் துண்டாக்கி இரண்டு தடவை போங்கள், அல்லது சிறு ரெயிலர் பூட்டுங்கள். எஞ்சினுக்கும் புகைக்குழாய்க்கும் மேலே இறைச்சியைக் கட்டினால் சூட்டில் கெட்டுவிடும். உண்ணக்கூடிய இறைச்சியைக் கெட விட்டுக் கைவிடுவதும் சட்டப்படி குற்றம். சுடுமுன்பே "இதை எப்படி வெளியே கொண்டு போவேன்" என்று கேளுங்கள். ஏரிக்கு அப்பால் நிற்கும் மூஸ் நானூறு, ஐந்நூறு கிலோ வரும். வழி தெரியாவிட்டால் சுடாதீர்கள்.

தடம் தனியார் காணிக்குள் போனால் நின்று, உரிமையாளரிடம் கேளுங்கள். அடிபட்ட மான் என்பது உள்ளே போக உரிமை தராது.

ஏற்றிய மானைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். வழியில் கடையில் நிறுத்தும்போது சிறுபிள்ளைகளும் பார்ப்பார்கள். இறைச்சியை உறவினருக்குக் கொடுக்கலாம். விற்கக் கூடாது, "பெற்றோல் காசு மட்டும்" என்று வாங்குவதும் விற்பனைதான்.

8. உடம்பில் இருக்க வேண்டியவை

அவுட்டோர்ஸ் கார்ட், மான் லைசென்ஸ், சீட்டு, துவக்கு லைசென்ஸ், வண்டிப் பதிவு, காப்புறுதி, சாரதி லைசென்ஸ், காணி அனுமதித் தாள். எல்லாம் ஒரே தண்ணீர் புகாத உறையில்.

துவக்கு மான் பருவத்தில் செம்மஞ்சள் உடை கட்டாயம்: இடுப்புக்கு மேல் 400 சதுர அங்குலம், எல்லாப் பக்கமும் தெரிய, கூடவே செம்மஞ்சள் தொப்பி. ஏரீவி ஓட்டும்போது தலைக்கவசம் போட்டு, இறங்கியதும் தொப்பியை மறந்து போகிறவர்கள் நிறைய. நான் தொப்பியை வண்டிக் கைப்பிடியில் கட்டி வைக்கிறேன். முதுகுப் பையை உடைக்கு மேல் போட்டால் பின்பக்கச் செம்மஞ்சள் மறைந்துவிடும், பையின் மேலும் ஒரு துணி கட்டுங்கள்.

அதிகாரி மறித்தால் எஞ்சினை நிறுத்துங்கள், இறங்குங்கள், துவக்கு எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள், அவர் கேட்கும் வரை தொடாதீர்கள். எனக்குத் தண்டம் எழுதிய அதிகாரி கடைசி வரை மரியாதையாகத்தான் பேசினார், மகசின் விதியை இரண்டு தடவை விளக்கினார்.

9. வீடு திரும்பிய பிறகு

வேட்டை அறிக்கை கட்டாயம். மான் கிடைக்காவிட்டாலும், லைசென்ஸ் வாங்கிவிட்டு ஒரு நாள்கூடப் போகாவிட்டாலும் இணையத்தில் நிரப்ப வேண்டும். பருவம் முடிந்ததும் கடைசித் திகதி வரும், தொலைபேசியில் நினைவூட்டல் வையுங்கள். பத்து நிமிட வேலை.

வண்டியைக் காட்டுப் பக்கத்திலேயே, புறப்படுமுன் கழுவுங்கள். சில்லிலும் அடித்தட்டிலும் ஒட்டிய சேற்றில் களை விதைகள் அடுத்த காட்டுக்குப் போகும். புகைக்குழாய் பக்கம் சிக்கிய காய்ந்த புல்லையும் கையால் எடுத்துவிடுங்கள், தீப்பிடிக்கும்.

அனுமதி தந்த காணிக்காரருக்கு ஒரு பொதி இறைச்சியைக் கொண்டு போய்க் கொடுங்கள். போகும்போது உங்கள் வண்டித் தடம் அவருடைய பாதையில் பள்ளம் போட்டிருந்தால் அதைச் சொல்லி, மண்வெட்டியோடு போய் நிரவிவிட்டு வாருங்கள். அடுத்த செப்டெம்பரில் கதவைத் தட்டும்போது அவர் உங்களை நினைவு வைத்திருப்பார்.